பத்தொன்பதாம் நிமிடத்தில் ஒரு லாரி

முதல் நான்கு நிமிடம் பாட்டே இல்லை.
காற்றுதான்.
தை மாதத்துக் கிழக்குக் காற்று
கணவாய்க்குள் நுழைந்து வந்து
மைக்கின்மேல் ஈரச் சாக்கை உதறுகிறது.
செக், செக் என்கிறான் குஞ்ஞுமோன்.
யாரோ சோடா உடைக்கிறார்.
ஷாஜு பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை
முறுக்கித் தளர்த்தி மறுபடி முறுக்கி
சரி, இவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறான்.

வாளையார். தொண்ணூற்றெட்டு.
எடைமேடைக்குப் பின்னால் கிடந்த வெற்று நிலம்.
இரண்டு காலி டிரெய்லர்களை ஒட்டி நிறுத்தினால்
அது மேடை.
'ஏழாவது கியர்' என்று பேனர்,
தமிழிலும் மலையாளத்திலும்,
இரண்டிலும் எழுத்துப் பிழை.

நான் அந்த எடைமேடையில் சீட்டு எழுதுகிறவள்.
மச்சானுடைய டேப் ரெக்கார்டரைச் சொல்லாமல் எடுத்துவந்து
மடக்கு நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.
கேசட்டில் அதற்கு முன்பு யாருடைய கல்யாணமோ இருந்தது.
அதற்கு மேலேதான் இது.

இப்போது ஜெமீமா வருகிறாள், கேளுங்கள்.
முதல் அடியிலேயே தொண்டை கம்முகிறது.
நிறுத்தவில்லை.
ஒரு செருப்பு அறுந்தவள்
மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி
அந்தக் கம்மலோடேயே மேலே ஏறுகிறாள்.
ஆறுச்சாமியின் டிரம்ஸ் எல்லாரையும் முந்திப் போகிறது,
ஆளாளுக்குத் துரத்துகிறார்கள்.
"என்னங்க்கா இது, சாமி வந்த மாதிரி?"
பக்கத்து நாற்காலியில் ஒரு கிளீனர் பையன்.
சிரிப்பது நான்தான்.

பத்தொன்பதாம் நிமிடம்.
கிட்டார் தனியாக எங்கேயோ போய்க்கொண்டிருக்க
சாவடி வரிசையில் ஒரு வெங்காய லாரி
பொறுமை தீர்ந்து ஹாரனை அழுத்துகிறது.
விடவே இல்லை.
ஜி-யும் இல்லை, ஜி ஷார்ப்பும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே
எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ளாத ஒரு சுரம்.
கூட்டம் திட்டுகிறது, இரண்டு மொழியில்.
ஷாஜு மட்டும் அதைக் கேட்டிருக்கிறான்.
கம்பியை விரலால் நெம்பி நெம்பி
ஹாரன் இருக்கிற இடத்துக்கே வந்துசேர்ந்து
அங்கேயே நின்றுவிடுகிறான்.
லாரி ஓய்ந்தது.
அவன் ஓயவில்லை.
ஒவ்வொருவராக மற்றவர்களும் அங்கே வருகிறார்கள்,
விபத்து நடந்த இடத்தில்
வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள்போல.

அடுத்த வருடம் கொச்சியில் சிடி போட்டார்கள்.
அதே இடத்தில் அதே சுரம், பிசிறில்லாமல்.
ஆனால் எதற்காக அங்கே போகிறான் என்று
சிடிக்குத் தெரியாது.

போன மாதம் அக்கா மகன் பிரசூன்
என் கேசட்டைக் கணினியில் போட்டு அலசித் தந்தான்.
காற்று போயிருந்தது. சோடா போயிருந்தது.
கிளீனர் பையன் இல்லை, நானும் இல்லை.
வெங்காய லாரி
ராவோடு ராவாக சாவடியைத் தாண்டிவிட்டது.
"இப்ப எப்படி இருக்கு சித்தி?"

எனக்குத் தெரிந்தது என் வேலை.
சரக்கோடு ஏற்றி ஓர் எடை,
இறக்கிவிட்டு ஓர் எடை.
கழித்தால் வருவதற்குத்தான் வரி, அதற்குத்தான் காசு.
உன் கணக்கு சரிதான்டா பிரசூன்.
ஆனால் அன்றைக்கு மேடை அதிர்ந்தது
வண்டியோடு சேர்த்து.

நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் டக்கென்று அறுந்துபோகும்.
இருட்டில் தடவித் திருப்பிப் போட்டிருக்கிறேன்.
மறுபக்கம் தொடங்கும்போது மைதானமே சிரித்துக்கொண்டிருக்கிறது.
எதற்கென்று நினைவில்லை.
பாலக்காட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற
ஷாஜுவிடம் கேட்டுப் பார்த்தேன்.
"அப்படியா, சிரிச்சாங்களா?" என்றான்.

கடைசிப் பாட்டுக்குப் பிறகு
விசில், நாற்காலி மடக்குகிற சத்தம்,
யாரோ ஒருத்தன் தன் சைக்கிளைத் தேடுகிறான்.
என் விரல் பொத்தானை அமுக்குவதுகூடக் கேட்கும்.
அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல்,
கெட்டிமேளம்.
யாருக்கோ தாலி ஏறுகிறது.
அதையும் நான் அணைப்பதில்லை.